கலைசார் நிர்வாண ஒளிப்படக்கலை

கலைசார் நிர்வாண ஒளிப்படக்கலை என்பது ஆடையற்ற மனித உடலைப் பொருளாகக் கொண்டு, அதன் வடிவம், கோடு, தோலின் தன்மை, ஒளி, நிழல் ஆகியவற்றை வெளிப்படுத்தும் நோக்கில் படம் எடுக்கும் ஒளிப்படக்கலைப் பிரிவு ஆகும். காம உணர்வைத் தூண்டுவதையே நோக்கமாகக் கொண்ட படங்களிலிருந்தும், மருத்துவம், மானிடவியல் போன்ற துறைகளில் சான்றுக்காக எடுக்கப்படும் படங்களிலிருந்தும் இது வேறுபடுத்தப்படுகிறது. எனினும் கலைக்கும் ஆபாசத்திற்கும் இடையிலான எல்லை எது என்னும் வினா தொடர்ந்து எழுந்து வந்துள்ளது. இந்தியாவில் அவ்வினா உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

பின்னணி

ஆடையற்ற உடலை நேரில் பார்த்து வரைதல் ஐரோப்பிய ஓவியப் பள்ளிகளில் நெடுங்காலமாக அடிப்படைப் பயிற்சியாக இருந்தது. 1839-இல் ஒளிப்படக்கலை பொதுமக்களுக்கு அறிவிக்கப்பட்டபின், ஓவியர்களின் பயன்பாட்டிற்காக இத்தகைய படங்கள் எடுக்கப்பட்டன. பிரெஞ்சு ஓவியர் தெலக்ருவா, 1850களில் இயூஜின் துரியூ எடுத்த படங்களைப் பார்த்து வரைந்து பழகினார். ஒளிப்படம் தனக்கென ஒரு கலைமொழியைப் பெற்ற பின்னரே, ஓவியத்திற்குத் துணையாக அன்றித் தனிப் படைப்பாக இவை மதிக்கப்பட்டன.

ஆடையற்ற உடலைக் காம நோக்கின்றிக் காணும் மரபு தமிழகத்திற்குப் புதியதன்று. கழுகுமலையில் ஏறத்தாழ 8ஆம் நூற்றாண்டில் செதுக்கப்பட்ட சமணப் புடைப்புச் சிற்பங்களில் தீர்த்தங்கரர்களும் பாகுபலியும் ஆடையின்றிக் காட்டப்பட்டுள்ளனர். பண்டு தகடூர் எனப்பட்ட தருமபுரியிலும் சமணம் செல்வாக்குப் பெற்றிருந்ததை 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நுளம்பர் காலக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. திகம்பர சமண மரபில் ஆடையின்மை என்பது துறவின் அடையாளம் ஆகும். ஆனால் சிற்பத்தில் இருப்பது சிற்பி படைத்த உருவம். ஒளிப்படத்தில் இருப்பவரோ உயிருடன் கருவியின் முன் நின்ற ஒரு மனிதர். இக்கலை பற்றிய பெரும்பாலான சிக்கல்களுக்கு இவ்வேறுபாடே அடிப்படையாகும்.

படங்களை நோக்கும் முறை

இப்படங்களை மதிப்பிடுவோர், உடலின் எப்பகுதி தெரிகிறது என்பதைவிட, ஒளி எங்கிருந்து விழுகிறது, உடல் சட்டத்தினுள் எவ்வாறு அமைந்துள்ளது, பார்வையாளரின் கண் எதை நோக்கிச் செலுத்தப்படுகிறது என்பனவற்றையே முதன்மையாகக் கொள்வர். கீழ்க்காணும் படைப்புகள் இதற்கு எடுத்துக்காட்டுகளாகும்.

அமெரிக்கரான எட்வர்டு வெசுட்டன் 1936-இல் எடுத்த ஒரு படத்தில், சாரிசு வில்சன் தலையைக் குனிந்து, கால்களை மடக்கிக் கைகளால் அணைத்து அமர்ந்துள்ளார். அவர் முகம் தெரிவதில்லை. கைகால்களின் வளைகோடுகளே படத்தின் அமைப்பாகின்றன.

பிரித்தானியரான பில் பிராண்டு, மிக அகன்ற கோணத்தைக் காட்டும் பழைய மரக் கேமராவைப் பயன்படுத்தினார். கடற்கரைக் கூழாங்கற்களுக்கு அருகே எடுத்த படங்களில் கையும் முழங்காலும் பாறைகள் போலத் தோன்றுகின்றன. இவருடைய நிர்வாணப் படங்களின் தொகுப்பு 1961-இல் நூலாக வெளிவந்தது.

இமொசன் கன்னிங்காம் என்னும் பெண் ஒளிப்படக் கலைஞர், 1915-இல் ரெய்னியர் மலையில் தம் கணவரை ஆடையின்றிப் படம் எடுத்தார். ஆண் உடலைப் பெண் ஒருவர் படமாக்கியது அக்காலத்தில் கடும் கண்டனத்திற்கு உள்ளானது.

இலங்கையில்: லயனல் வெண்ட்

தெற்காசியாவில் இத்துறையின் முன்னோடியாகக் கருதப்படுபவர் இலங்கையின் லயனல் வெண்ட் (1900–1944) ஆவார். கொழும்பில் பிறந்த இவர் இலண்டனில் சட்டமும் பியானோ இசையும் பயின்று, 1924-இல் நாடு திரும்பினார். 1930களின் தொடக்கத்தில் ஒளிப்படக்கலையில் முழுமையாக ஈடுபட்டார். 1938-இல் இவருடைய தனிக் கண்காட்சி இலண்டனில் நடைபெற்றது. 1943-இல் உருவான '43 குழு' என்னும் ஓவியர் இயக்கத்திற்கும் இவர் பெருந்துணையாக இருந்தார்.

மீனவர், உழவர், இளைஞர் ஆகியோரின் ஆடையற்ற அல்லது கோவணம் மட்டும் அணிந்த உடல்களை வெண்ட் படமாக்கினார். இருட்டறையில் படம் உருப்பெறும்போது அதன்மீது சிறிது நேரம் வெளிச்சம் பாய்ச்சி, உருவத்தின் விளிம்பில் கோடு வரைந்தாற்போன்ற தோற்றத்தைப் பெறும் 'சோலரைசேசன்' முறையையும், பல படங்களை இணைக்கும் முறையையும் கையாண்டார். வெண்டின் மறைவுக்குப் பின் இவருடைய நெகட்டிவுகள் அழிக்கப்பட்டன. எஞ்சிய அச்சுப்படங்களைக் கொண்ட நூல் 1950-இல் வெளியானது. 2017-இல் ஏதென்சிலும் காசலிலும் நடந்த 'டாக்குமென்டா 14' கலைக் கண்காட்சியில் இவர் படங்கள் இடம்பெற்றன.

வெண்ட் செல்வாக்குள்ள குடும்பத்தைச் சேர்ந்தவர்; தந்தையார் உயர் நீதிபதியாக இருந்தவர். இவர் படங்களில் உள்ளவர்களோ பெரும்பாலும் உழைக்கும் மக்கள். அவர்களில் பெரும்பாலோரின் பெயர்கள் பதியப்படவில்லை. இப்படங்களின் அழகை ஏற்கும் திறனாய்வாளர்களும் இந்த ஏற்றத்தாழ்வைச் சுட்டுகின்றனர்.

இந்தியாவில்

ஓவியர் அக்பர் பதம்சி (1928–2020) 1954-இல் மும்பை செகாங்கீர் கலைக்கூடத்தில் வைத்த 'காதலர்' ஓவியங்களுக்காக ஆபாச வழக்கைச் சந்தித்தார். ஓவியங்களை அகற்ற மறுத்த இவர் வழக்கில் வென்றார். பிற்காலத்தில் இவர் ஒளியையும் நிழலையும் முதன்மைப்படுத்திக் கருப்பு வெள்ளை நிர்வாண ஒளிப்படங்களையும் எடுத்தார்.

சிற்பி பிரதோசு தாசுகுப்தாவின் மகனான பிரபுத்த தாசுகுப்தா (1956–2012) விளம்பர, ஆடையலங்கார ஒளிப்படக் கலைஞராகப் புகழ்பெற்றவர். நகரப் பெண்களின் உருவப்படங்களும் நிர்வாணப் படங்களும் அடங்கிய இவருடைய 'விமன்' என்னும் நூல் 1996-இல் வெளிவந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் இவர் எடுத்த காலணி விளம்பரப் படம் ஒன்றில், மிலிந்து சோமன், மது சாப்ரே ஆகிய இருவரும் ஆடையின்றி, மலைப்பாம்பு சுற்றிய நிலையில் தோன்றினர். இதன் தொடர்பில் தொடுக்கப்பட்ட ஆபாச வழக்கு 14 ஆண்டுகள் நீடித்து, 2009-இல் விடுதலையில் முடிந்தது.

சட்டநிலை

ஆபாசமானவற்றை விற்றலையும் காட்சிப்படுத்தலையும் இந்திய தண்டனைச் சட்டத்தின் 292ஆம் பிரிவு தடைசெய்தது. கலை, இலக்கியம், அறிவியல் ஆகியவற்றின் நலனுக்காகப் பொதுநன்மை கருதி வெளியிடப்படுபவற்றுக்கு 1969-இல் விலக்கு அளிக்கப்பட்டது. 2024 சூலை 1 முதல் இப்பிரிவுக்கு மாற்றாகப் பாரதிய நியாய சன்கிதாவின் 294ஆம் பிரிவு நடைமுறையில் உள்ளது.

1964-இல் இரஞ்சித் உதேசி வழக்கில், கலையில் நிர்வாணம் இருப்பது மட்டுமே ஆபாசத்திற்குச் சான்றாகாது என உச்ச நீதிமன்றம் கூறியது. ஆயினும் 1868-ஆம் ஆண்டு ஆங்கிலேயத் தீர்ப்பிலிருந்து வந்த 'இக்ளின் சோதனை'யையே அது பின்பற்றியது. எளிதில் கெடக்கூடிய மனம் உடையோரை ஒரு படைப்பு கெடுக்குமா என்பதே அச்சோதனை ஆகும்.

இந்நிலை 2014 பிப்ரவரி 3 அன்று வழங்கப்பட்ட அவீக் சர்க்கார் வழக்குத் தீர்ப்பில் மாறியது. டென்னிசு வீரர் போரிசு பெக்கரும் அவருடைய மணமகளாகவிருந்த பார்பரா பெல்டசும் ஆடையின்றித் தோன்றிய படம் செருமனி இதழ் ஒன்றில் வெளிவந்தது. படத்தை எடுத்தவர் பார்பராவின் தந்தை. 1993-இல் அப்படத்தைக் கொல்கத்தா இதழ்கள் மறுவெளியீடு செய்தமையால் வழக்கு எழுந்தது. நிறவெறிக்கு எதிரான செய்தியை அப்படம் தருவதைக் கருத்திற்கொண்ட நீதிமன்றம், இக்ளின் சோதனையைக் கைவிட்டது. சமகாலச் சமூகத்தின் அளவுகோலைக் கொண்டு, சூழலையும் முழுமையையும் நோக்கியே ஒரு படத்தை மதிப்பிட வேண்டும் எனத் தீர்ப்பளித்தது.

மாதிரியாக நிற்பவரின் ஒப்புதல்

படம் ஆபாசமன்று என முடிவாவதால் மட்டும் அது முறையானதாகிவிடாது. ஒருவரது அந்தரங்க உறுப்புகளை ஒப்புதலின்றிப் படம் எடுத்தலும் பரப்புதலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவின்படி 3 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகும். 18 வயது நிறையாதவர்களைப் பாலியல் நோக்கில் படமாக்குதலை 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் தண்டிக்கிறது. படமெடுக்க ஒப்புதல் அளித்தவர் அதனை வெளியிடவும் ஒப்புதல் அளித்ததாகக் கொள்ள இயலாது. ஆகவே இரண்டிற்கும் தனித்தனியே எழுத்து வழி ஒப்புதல் பெறுதல் நல்ல நடைமுறை ஆகும்.

மாதிரியாக நிற்பவரும் படைப்பில் பங்குடையவர் என்பதற்குச் சாரிசு வில்சன் சான்றாவார். எழுத்தாளரான இவர் வெசுட்டனுடனான வாழ்வைப் பற்றி 1998-இல் ஒரு நூல் வெளியிட்டார். மேற்குறித்த 1936-ஆம் ஆண்டுப் படத்தில் வலக்கையின் மீது விழுந்த நிழல் வெசுட்டனுக்கு நிறைவளிக்கவில்லை என்பதும், தமது தலை வகிடு கோணலாக இருந்ததே தமக்குக் குறையாகத் தெரிந்தது என்பதும் இவர் வழியாகவே அறியப்படுகின்றன. வெண்டின் படங்களில் நின்ற இளைஞர்களிடமிருந்து இத்தகைய பதிவு எதுவும் கிடைக்கவில்லை.