எந்த வருடத்தில் நோய் வந்தது?

எச்ஐவியும் காசநோயும் சேர்ந்து வந்தவர் பிழைப்பாரா என்று பழைய மாணவர் ஒருவர் உள்பெட்டியில் கேட்டிருந்தார். யாருக்கென்று நான் கேட்கவில்லை. எந்த வருடத்தில் வந்தது என்பதைப் பொறுத்தது என்பதுதான் வரலாற்று வாத்தியாரின் பதில்.

1928-ல் தாம்பரத்தில் டாக்டர் சௌரி முத்து சானடோரியம் தொடங்கியபோது காசநோய்க்கு மருந்தே கிடையாது. நல்ல காற்று, ஓய்வு, சாப்பாடு, அவ்வளவுதான். மருந்துகள் வந்தபின், 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆய்வு மையம் ஒரு கேள்வியைச் சோதித்தது. சானடோரியம் வேண்டுமா, வீட்டில் இருந்தே மருந்து சாப்பிட்டால் போதாதா? நெருக்கடியான வீட்டில், அரைகுறைச் சாப்பாட்டோடு மருந்தைத் தொடர்ந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு தேறினார்கள். உலகத்தின் காசநோய் வைத்தியத்தையே மாற்றிய ஆய்வு அது. பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் தரலாம்.

1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் நாட்டின் முதல் எச்ஐவி தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். நம்மில் பலர் உடம்பில் காசநோய்க் கிருமி சும்மா கிடக்கிறது. எதிர்ப்புச் சக்தி அதற்குக் காவல். எச்ஐவி அந்தக் காவலைக் கலைத்துவிடுகிறது. போதாக்குறைக்கு, எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவரின் சளியில் கிருமி தட்டுப்படாமலே போகலாம். நோய் தெரிவதற்குள் நாள் ஓடிவிடும்.

தொண்ணூறுகளில் டிபிக்கு மாத்திரை இருந்தது. எச்ஐவி மருந்து ஏழைக்கு எட்டாத விலை. டிபி குணமானவரும் அடுத்து வேறொரு நோயில் போனார். வருசநாடு, மயிலாடும்பாறை, கண்டமனூர்ப் பக்கம் வீடுகளில் "டிபிதான் சார்" என்பதோடு பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். தேர்ச்சி அட்டையில் கைநாட்டு வைக்கப் பாட்டிமார் வந்த வருடங்கள் அவை.

2004 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசு ஏஆர்டி கூட்டு மருந்தை இலவசமாகத் தரத் தொடங்கியது. முதல் மையங்களில் தாம்பரமும் ஒன்று. ஆனால் எந்த மருந்தை முதலில் தொடங்குவது? டிபிக்கான ரிஃபாம்பிசின், சில எச்ஐவி மருந்துகளின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். இரண்டையும் சேர்த்தால் சிலருக்குக் காய்ச்சலும் கட்டியும் திடீரென்று கூடும். அதனால் பலர் காத்திருந்தார்கள். 2011-ல் கம்போடியாவில் 661 பேரிடம் நடந்த ஆய்வு வெளியானது. டிபி மருந்து தொடங்கி எட்டு வாரம் கழித்து ஏஆர்டி பெற்றவர்களைவிட, இரண்டே வாரத்தில் பெற்றவர்களிடம் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைவு. மூளைச் சவ்வில் டிபி வந்தவர்களுக்கு மட்டும் இந்த அவசரம் உதவவில்லை.

வாரம் மூன்று நாள் டிபி மாத்திரை போட்டது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். 2018-ல் நம் சென்னை நிறுவனமே எச்ஐவியும் உள்ளவர்களிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டது. தினமும் சாப்பிட்டவர்களில் 91 சதவீதம் பேருக்கு நல்ல பலன், மூன்று நாள்காரர்களில் 77. அந்த மூன்று நாள் பிரிவில் நான்கு பேருக்கு ரிஃபாம்பிசினே வேலை செய்யாமல் போயிற்று. இப்போது எல்லாருக்கும் தினசரி மாத்திரைதான்.

2022 முதல் தமிழ்நாட்டில், டிபி என்று தெரிந்தவுடனே எடை, கால் வீக்கம், மூச்சு, ஆக்சிஜன் அளவு, தாங்கலில்லாமல் நிற்க முடிகிறதா என்பதைப் பார்த்து, ஆபத்தில் இருப்பவரை வார்டில் சேர்க்கிறார்கள். டிபி உள்ளவருக்கு எச்ஐவி பரிசோதனையும் இலவசம். விவரம் ரகசியமாக இருக்கும். மதுரைக்குப் போக வேண்டாம், நம் க.விலக்கு ஆஸ்பத்திரியே போதும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளியைக் கொடுத்துப் பாருங்கள். துணைக்கு ஆள் இல்லையென்றால் சொல்லுங்கள், காலை பஸ்ஸில் நான் வருகிறேன்.