பிரிக்கக் கூடாத பந்தமும் பிரிய முடியாத பெண்ணும்

கிறிஸ்தவர்களுக்கு விவாகரத்து கிடையாது என்பது பலரும் நம்பிக்கொண்டிருக்கும் ஒரு செய்தி. ஆலயத்தில் சாட்சிகள் முன்னிலையில் வாக்குக் கொடுத்துவிட்டால் பிறகு சாவு ஒன்றுதான் பிரிக்க முடியும் என்று கிறிஸ்தவர்களே பலர் சொல்வதுண்டு. வரலாற்றைப் புரட்டினால் விஷயம் அவ்வளவு எளிதாக இல்லை.

ஒரு உதாரணம் பார்க்கலாம். 1990களின் நடுப்பகுதி வரை, இந்தியாவில் கிறிஸ்தவ முறைப்படி மணந்த ஒரு பெண், கணவன் தினமும் அடிக்கிறான் என்பதற்காக மட்டும் விவாகரத்து பெற முடியாது. விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பத்து வருடம் ஆகிவிட்டது என்பதற்காக மட்டும் பெற முடியாது. வேறொரு பெண்ணோடு உறவு வைத்திருக்கிறான் என்பதற்காக மட்டும்கூடப் பெற முடியாது! ஆனால் கணவனுக்கு அந்தக் கடைசிக் காரணம் ஒன்றே போதும். மனைவிக்கு வேறொருவனோடு உறவு என்று நிரூபித்துவிட்டால் அவனுக்கு விடுதலை கிடைத்துவிடும்.

இப்படி ஒரு விதியை யார் செய்தது? பைபிளா? திருச்சபையா? இரண்டும் இல்லை என்பதுதான் ஆச்சரியம்.

வேதத்தில் என்ன இருக்கிறது?

மோசேயின் சட்டத்தில், மனைவி பிடிக்காவிட்டால் தள்ளுதற்சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பிவிடும் உரிமை கணவனுக்கு இருந்தது. இயேசு இதை ஏற்கவில்லை. மாற்கு நற்செய்தியில் அவருடைய தடை விதிவிலக்கே இல்லாமல் வருகிறது. மனைவியைத் தள்ளி வேறொருத்தியை மணப்பவனும், கணவனைத் தள்ளி வேறொருவனை மணப்பவளும் ஒரே குற்றத்தைச் செய்கிறார்கள் என்பது அங்கே சொல்லப்படுவது. மத்தேயுவில் மட்டும், மனைவியின் ஒழுக்கக்கேடு என்ற ஒரு விதிவிலக்கு சேர்கிறது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் இன்னொரு வழியைத் திறக்கிறார். விசுவாசம் இல்லாத துணை பிரிந்து போனால், விசுவாசி அந்தக் கட்டுக்குள் இல்லை என்கிறார்.

ஆக, புதிய ஏற்பாட்டுக்குள்ளேயே மூன்று விதமான நிலைகள் இருக்கின்றன. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கணவன் நினைத்தால் மனைவியை வீதியில் விட்டுவிடலாம் என்றிருந்த சமுதாயத்தில், அந்தத் தடை பெண்ணுக்கு ஒரு பாதுகாப்பாக இருந்தது.

ரோமும் கிழக்கும்

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புனித அகஸ்டின் திருமணத்துக்கு மூன்று நன்மைகளைச் சொன்னார். பிள்ளைப்பேறு, ஒருவருக்கொருவர் உண்மையாயிருத்தல், பிரிக்க முடியாத புனிதப் பிணைப்பு என்பவை அவை. மேற்கில் ரோமைத் தலைமையாகக் கொண்ட திருச்சபை மூன்றாவதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. கிழக்கில் இருந்த ஆர்த்தடாக்ஸ் திருச்சபையோ மனித பலவீனத்துக்கு இடம் கொடுத்தது. சில காரணங்களுக்காக மணமுறிவையும், அதிகபட்சம் மூன்று திருமணங்கள் வரையிலும் அது அனுமதித்தது.

மேற்கிலும் ஒரு பின்வாசல் இருந்தது. திருமணத்தை முறிக்க முடியாது, ஆனால் அது ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று அறிவிக்கலாம். 1215 வரை ஏழு தலைமுறைக்குள் உறவு இருந்தால் மணம் செய்யக் கூடாது என்ற விதி இருந்தது. அரச குடும்பங்கள் எல்லாமே ஒன்றுக்கொன்று உறவுதானே! பிரான்ஸ் மன்னர் ஏழாம் லூயியும் எலினாரும் 15 ஆண்டுகள் வாழ்ந்து, இரண்டு பெண் குழந்தைகளையும் பெற்ற பிறகு, 1152ல் உறவுமுறையைக் காரணம் காட்டிப் பிரிந்தார்கள். அந்த ஆண்டே எலினார் அடுத்து இங்கிலாந்து மன்னராகப் போகிறவரை மணந்தார்.

அந்த வருடம் ஒரு ஏழைக் குடியானவனின் மனைவிக்கு இந்தப் பின்வாசல் திறந்திருக்குமா என்று கேட்டால் பதில் எல்லோருக்கும் தெரியும்.

இங்கிலாந்தின் விநோதம்

பதினாறாம் நூற்றாண்டில் சீர்திருத்தம் வந்தது. திருமணம் ஒரு அருட்சாதனம் அல்ல, அது உலகக் காரியம் என்றார் மார்ட்டின் லூதர். துறவியாக இருந்த அவரே 1525ல் ஒரு முன்னாள் கன்னியாஸ்திரியை மணந்தார். ஜெனீவாவிலும் ஸ்காட்லாந்திலும் கள்ள உறவு, கைவிட்டுப் போதல் ஆகிய காரணங்களுக்காக விவாகரத்து கிடைத்தது. கணவன், மனைவி இருவருக்குமே கிடைத்தது.

இங்கிலாந்தின் கதை வேறு. எட்டாம் ஹென்றி விவாகரத்துக்காகப் போப்பை உதறினார் என்று பள்ளிப் பாடத்தில் படிக்கிறோம். உண்மையில் அவர் கேட்டது விவாகரத்து அல்ல. அண்ணன் மனைவியாக இருந்த கேத்தரினோடு தனக்கு நடந்த திருமணம் செல்லாது என்ற அறிவிப்பைத்தான் கேட்டார். 1533ல் பேராயர் கிரான்மர் அதைக் கொடுத்தார். 1534ல் மன்னர் திருச்சபையின் தலைவரானார். ஒரு திருமண வழக்கால் ரோமைப் பிரிந்த அதே நாடு, அதன் பிறகு 300 ஆண்டுகளுக்கு மேல் விவாகரத்து நீதிமன்றமே இல்லாமல் இருந்தது!

திருச்சபை நீதிமன்றம் தனித்து வாழ அனுமதி கொடுக்கும். மறுமணத்துக்கு அனுமதி கொடுக்காது. மறுமணம் வேண்டுமென்றால் பாராளுமன்றத்தில் அந்த ஒரு மனிதருக்காகத் தனிச் சட்டம் நிறைவேற்ற வேண்டும்! 1670ல் ரூஸ் பிரபுவுக்காக அப்படி ஒரு சட்டம் வந்து வழி காட்டியது. 1857 வரை இப்படி விடுதலை பெற்றவர்கள் 300 பேருக்குச் சற்று மேல். அவர்களில் பெண்கள் வெறும் நான்கு பேர். 1801ல் வென்ற முதல் பெண்ணின் வழக்கில், கணவன் உறவு வைத்திருந்தது அவளுடைய சொந்தச் சகோதரியோடு. அந்த அளவுக்குப் போனால்தான் பாராளுமன்றம் ஒரு மனைவிக்கு இரங்கியது.

1857ல் புதிய சட்டம் வந்தது. விவாகரத்து திருச்சபையின் கையிலிருந்து அரசு நீதிமன்றத்துக்கு மாறியது. ஆனால் பழைய தராசு அப்படியே வந்து சேர்ந்தது. கணவன் மனைவியின் கள்ள உறவை நிரூபித்தால் போதும். மனைவியோ கணவனின் கள்ள உறவோடு கொடுமையையோ, இரண்டாண்டு கைவிடலையோ, அதைப் போன்ற வேறொரு பெரிய குற்றத்தையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். மனைவி தவறினால் கணவனின் சொத்துக்கு வேறொருவன் பிள்ளை வாரிசாகிவிடும், கணவன் தவறினால் அந்த ஆபத்து இல்லை என்பதுதான் இதற்குச் சொல்லப்பட்ட வாதம். ஆழ்ந்த பக்தரான கிளாட்ஸ்டன் இந்தச் சட்டத்தைக் கடுமையாக எதிர்த்தார். ஆணும் பெண்ணும் சமம் என்ற கிறிஸ்தவப் போதனைக்கே இது விரோதம் என்பதும் அவர் எடுத்து வைத்த காரணங்களில் ஒன்று. அவர் சொன்னது எடுபடவில்லை.

கப்பலேறி வந்த சட்டம்

இந்தியாவில் முதலில் வந்தது 1866ஆம் ஆண்டின் மதம் மாறியோர் மணமுறிவுச் சட்டம். ஒருவர் கிறிஸ்தவரானதால் அவருடைய துணை சேர்ந்து வாழ மறுத்தால் அந்தத் திருமணத்தை நீதிமன்றம் முறிக்கலாம் என்றது அது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய யோசனை, 1800 ஆண்டுகள் கழித்து இந்தியச் சட்டப் புத்தகத்தில் ஏறியது.

அடுத்து 1869ல் இந்திய விவாகரத்துச் சட்டம் வந்தது. 1857ன் ஆங்கிலச் சட்டத்தை ஏறக்குறைய அப்படியே பிரதி எடுத்ததுதான் இது. அதன் பத்தாவது பிரிவில் கணவனுக்கு ஒரே ஒரு காரணம் போதுமானதாக இருந்தது. மனைவிக்கு கள்ள உறவோடு கொடுமை, கள்ள உறவோடு இரண்டாண்டு கைவிடல் என்று ஜோடி ஜோடியாகக் காரணங்கள் வேண்டியிருந்தன. கொடுமை மட்டும் நடந்திருந்தால் தனித்து வாழ உத்தரவு வாங்கலாம். மறுமணம் செய்ய முடியாது. மனைவியைக் கவர்ந்தவனிடம் கணவன் நஷ்டஈடு கேட்கலாம், ஏதோ பொருளைத் திருட்டுக் கொடுத்தவன் மாதிரி! வழக்கு நடக்கும்போது மனைவிக்குக் கிடைக்கும் ஜீவனாம்சம் கணவனின் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. இவ்வளவும் தாண்டி மாவட்ட நீதிபதி தீர்ப்புக் கொடுத்தாலும் அது முடிவல்ல. உயர் நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து அதை உறுதி செய்ய வேண்டும்.

உறைந்துபோன காலம்

இங்கிலாந்து அங்கேயே நின்றுவிடவில்லை. 1923ல் மனைவிக்கும் கள்ள உறவு ஒன்றே போதும் என்று சட்டம் மாறியது. 1937ல் கொடுமை, மூன்றாண்டு கைவிடல், தீராத மனநோய் ஆகியவை தனித்தனிக் காரணங்களாகின.

இந்த இடைவெளியில் 1926ல் வந்த ஒரு சட்டம்தான் இந்தக் கதையின் உச்சம். இங்கிலாந்தையோ ஸ்காட்லாந்தையோ நிரந்தர இருப்பிடமாகக் கொண்டு இந்தியாவில் வசித்தவர்களுக்கு, இங்குள்ள உயர் நீதிமன்றங்களே விவாகரத்து கொடுக்கலாம் என்றது அது. எந்தக் காரணங்களின் மேல்? அன்றன்றைக்கு இங்கிலாந்தில் நடப்பில் இருக்கும் காரணங்களின் மேல்! ஆகவே ஒரே நீதிமன்ற வளாகத்தில், ஒரே வேதத்தை வாசிக்கும் இரண்டு பெண்கள் நின்றால், ஆங்கிலேயப் பெண்ணுக்குப் புதிய சட்டமும் இந்தியப் பெண்ணுக்கு 1869ன் சட்டமும் கிடைத்தன. இதில் மதம் எங்கே இருக்கிறது?

சுதந்திரத்துக்குப் பிறகும் நிலைமை மாறவில்லை. முஸ்லிம் பெண்களுக்கு 1939ன் சட்டமே கொடுமையையும் கைவிடலையும் காரணங்களாக ஏற்றிருந்தது. 1954ன் சிறப்புத் திருமணச் சட்டம் பரஸ்பர சம்மதத்தின் பேரில் பிரிவதை அனுமதித்தது. 1976 திருத்தத்தால் இந்துத் திருமணச் சட்டத்திலும் கொடுமை, கைவிடல், பரஸ்பர சம்மதம் எல்லாம் வந்தன. கிறிஸ்தவப் பெண் மட்டும் விக்டோரியா மகாராணி காலத்திலேயே நின்றாள்.

யாருக்கும் தெரியாமல் இருந்ததா என்றால் அதுவும் இல்லை. சட்ட ஆணையம் 1960லும் 1961லும் அறிக்கை கொடுத்தது. 1962ல் மசோதா வந்து, நிறைவேறாமல் காலாவதியானது. 1983ல் ஆணையம் மறுபடியும் பத்தாவது பிரிவை மாற்றச் சொன்னது. ஒவ்வொரு முறையும் அரசு, சமூகத்தின் கருத்தொற்றுமை வரட்டும் என்று காத்திருந்தது. சிறுபான்மையினரின் சட்டத்தில் கைவைக்க அரசுக்குப் பயம். திருமணத்தின் புனிதத்தை விட்டுக்கொடுத்ததாகிவிடுமோ என்று சபைகளில் பலருக்கும் தயக்கம். இரண்டுக்கும் நடுவில் பெண்கள் நீதிமன்றப் படியேறி இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

1985ல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு கிறிஸ்தவப் பெண்ணின் வழக்கு வந்தது. கொடுமை நிரூபணமாகியும் தனித்து வாழும் உத்தரவுக்கு மேல் எதுவும் கொடுக்கச் சட்டத்தில் வழியில்லை. திருமணச் சட்டங்களை முழுமையாகச் சீர்திருத்த வேண்டும் என்று நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதினார். 1995ல் கேரள உயர் நீதிமன்றம் துணிந்து அந்தப் பிரிவில் கைவைத்தது. மனைவி கொடுமையோடு கள்ள உறவையும் நிரூபிக்க வேண்டும் என்பது அரசியல் சட்டம் தரும் சமத்துவத்துக்கு விரோதம் என்று அந்தப் பகுதியை நீக்கியது. 1997ல் பம்பாய் உயர் நீதிமன்றமும் அதே வழியில் சென்றது. கடைசியில் 2001ல் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே காரணங்கள் வந்தன. நஷ்டஈடும், ஐந்தில் ஒரு பங்கும், மூன்று நீதிபதிகளும் போனார்கள். 1869லிருந்து கணக்கிட்டால் 132 ஆண்டுகள்!

மிச்சமிருக்கும் முடிச்சு

பரஸ்பர சம்மதத்துக்கு மற்றவர்கள் ஓராண்டு பிரிந்து வாழ்ந்தால் போதும், கிறிஸ்தவர்கள் மட்டும் இரண்டாண்டு என்று 2001 திருத்தத்திலும் ஒரு வித்தியாசம் ஒட்டிக்கொண்டிருந்தது. 2010ல் கேரள உயர் நீதிமன்றம் அதை ஓராண்டாக்கியது. 2022ல் அந்த ஓராண்டுக் கட்டாயமும் செல்லாது என்றது.

கத்தோலிக்கர்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. திருச்சபைத் தீர்ப்பாயம் ஒரு திருமணத்தைச் செல்லாது என்று அறிவிக்கலாம். 2015ல் போப் பிரான்சிஸ் அந்த நடைமுறையை எளிமையாக்கினார். ஆனால் அந்த அறிவிப்பு நாட்டின் சட்டத்தில் மணமுறிவு ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1996லும் 2017லும் தெளிவாக்கியிருக்கிறது. அதை மட்டும் நம்பி மறுமணம் செய்தவர் இருதார மணக் குற்றவாளி ஆகலாம். நீதிமன்ற விவாகரத்தை மட்டும் வைத்திருப்பவருக்கு ஆலயத்தில் மறுமணம் நடக்காது. இரண்டு வாசல்களுக்கும் இரண்டு சாவிகள்.

திருமணம் நிலைத்திருக்க வேண்டும் என்று ஒரு மதம் விரும்புவதில் தவறில்லை. எல்லா மதங்களும் விரும்புவது அதைத்தான். ஆனால் 1869ன் சட்டம் திருமணத்தைப் பிரிக்கக் கூடாது என்று சொல்லவில்லை. பிரிக்கலாம், ஆனால் ஆணுக்கு ஒரு விலை, பெண்ணுக்கு ஒரு விலை என்றுதான் சொன்னது. வேதத்தில் இல்லாத, ரோம் ஒப்புக்கொள்ளாத, இங்கிலாந்தே 1923ல் கைவிட்ட அந்த விலைப்பட்டியலை, அதன் பிறகும் முக்கால் நூற்றாண்டு காலம் "கிறிஸ்தவச் சட்டம்" என்ற பெயரில் சுமந்தவர்கள் இந்தியக் கிறிஸ்தவப் பெண்கள். ஒரு விதியை மதத்தின் பெயரால் யாராவது காட்டும்போது, அது எந்த வருடம், யாருடைய வசதிக்காக எழுதப்பட்டது என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.