பழைய மடிக்கணினி தொடங்காமை: ஐதராபாத்தில் பழுதறிதலும் செப்பனிடலும்

மடிக்கணினி தொடங்காமை என்பது, மின்பொத்தானை அழுத்திய பிறகும் கணினி தன் இயங்குதளத்தை நினைவகத்தில் ஏற்றித் திரைக்குக் கொண்டுவர முடியாமல் இடையிலேயே நின்றுவிடும் நிலையாகும். ஐதராபாத்தில் இத்தகைய கணினிகள் செப்பனிடப்படும் இடங்களுள் முதன்மையானது, செகந்திராபாத் பார்க் லேன் பகுதியில் சி.டி.சி. என்று வழங்கும் செனாய் டிரேட் சென்டர். 1998 நவம்பரில் சைபர் டவர்ஸ் திறக்கப்பட்ட பின் ஹைடெக் சிட்டியில் பெருகிய மென்பொருள் நிறுவனங்கள் சில ஆண்டுகளில் கழித்துவிடும் திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் வகைகள் செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வந்து, அமீர்பேட்டைப் பயிற்சி நிலையங்களை நாடிவரும் மாணவர்களின் கைக்குப் போவதால், இந்நகரில் பழைய கணினிக்கு ஆயுள் நீளம்.

பொத்தானை அழுத்தியதும் மதர்போர்டிலுள்ள சிறு சிப்பில் பதிந்த பயாஸ் என்னும் அடிப்படை மென்பொருள் விழித்து, செயலி, ராம், திரை ஆகியவற்றைத் தானே சரிபார்க்கிறது. போஸ்ட் எனப்படும் இந்தத் தற்சோதனையில் தேறிய பிறகே அது வன்தட்டைத் தேடிச் செல்கிறது. பழைய முறையில், வன்தட்டின் முதல் 512 பைட்டுகளில் அமைந்த எம்.பி.ஆர். என்னும் தொடக்கப் பதிவே இயங்குதளத்துக்கு வழிகாட்டும், பின்வந்த யூ.இ.எஃப்.ஐ. முறையிலோ இதற்கெனத் தனிப் பகிர்வு ஒன்று வன்தட்டில் ஒதுக்கப்படுகிறது. சங்கிலி எந்தக் கண்ணியில் அறுந்தது என்பதைக் கொண்டே கடைக்காரர்கள் பழுதை ‘டெட்’, ‘நோ டிஸ்ப்ளே’, ‘பூட் ஆகவில்லை’ என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். வாடிக்கையாளர் மூன்றையும் ஒன்றாகவே சொல்வதும், சில கடைகள் அதைத் திருத்தாமல் மதர்போர்டு போய்விட்டது என்று முடித்துவிடுவதும்தான் செலவைக் கூட்டுகின்றன.

‘டெட்’ நிலையில் விளக்கு எரியாது, விசிறி சுழலாது. அடாப்டர் தரவேண்டிய மின்னழுத்தத்தை, அதாவது பெரும்பாலானவற்றில் 19 வோல்ட் அளவை, மல்டிமீட்டரால் அளப்பதே முதல் சோதனை. அது சரியாக இருந்தால், பேட்டரியையும் அடாப்டரையும் கழற்றிவிட்டு, மின்பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, போர்டில் தேங்கிய மின்னூட்டத்தை வடித்துவிட்டு, அடாப்டரை மட்டும் இணைத்துப் பார்க்கவேண்டும். இதற்குப் பிறகும் உயிர் வராவிட்டால்தான் போர்டில் ஷார்ட் தேடும் சிப் லெவல் வேலைக்கு இடமுண்டு.

விசிறி சுழன்றும் திரை இருண்டே கிடப்பது ‘நோ டிஸ்ப்ளே’. டார்ச் ஒளியைத் திரைமேல் சாய்வாகப் பாய்ச்சும்போது மங்கலான எழுத்துகள் தெரிந்தால், கணினி ஓடுகிறது, திரையின் பின்னொளி மட்டுமே கெட்டிருக்கிறது என்று கொள்ளலாம். வெளி மானிட்டர் ஒன்றை இணைத்தால் அது உறுதிப்படும். ஒன்றும் தெரியாவிட்டால் அடுத்து ஐயத்துக்குரியது ராம். அதன் தங்கநிற முனைகளில் படியும் அழுக்கும் களிம்பும் தொடர்பைக் கெடுப்பதால், அம்முனைகளை மென்மையான அழிப்பானால் தேய்த்துத் துடைத்து, இரண்டு பட்டைகள் இருப்பின் ஒவ்வொன்றாக, இடம் மாற்றிப் பொருத்திப் பார்ப்பது வழக்கம். கடற்காற்றுபடும் சென்னையில் இக்களிம்பு பெருந்தொல்லை. கடலுக்கு வெகு தொலைவில், தக்காணப் பீடபூமியில் அமைந்து, மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஐதராபாத்திலோ தூசி அடைத்த விசிறியும் காய்ந்துபோன வெப்பக்களிம்புமே கூடுதல் கேடு விளைவிக்கின்றன.

வெப்பத்தால் வரும் பழுதுகளுள் பெயர்பெற்றது கிராஃபிக்ஸ் சிப் கோளாறு. 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம், தன் மடிக்கணினிச் சிப்கள் சிலவற்றின் உட்பொதிவுப் பொருள் வலுவற்றது என்று ஒப்புக்கொண்டு, 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை அதற்கென ஒதுக்கியது. சூடாகி ஆறும் ஒவ்வொரு முறையும் சிப்புக்குள் இருக்கும் நுண் பற்றவைப்புப் புள்ளிகள் விரிசல்கண்டு, இறுதியில் திரை இருண்டுபோகும். ஹீட் கன்னால் சூடேற்றியும், சிப்பின் அடியிலுள்ள பற்றாசுக் குண்டுகளை மாற்றும் ரீபாலிங் முறையிலும் இதைச் சரிசெய்வதாகக் கடைகள் கூறினாலும், விரிசல் சிப்பின் உள்ளே இருப்பதால் இப்படிப் பெறும் குணம் நெடுநாள் நிற்பதில்லை. சிப்பையே மாற்றுவதுதான் தீர்வு, அதற்கு ஆகும் பணம் அந்தக் கணினிக்குத் தகுமா என்பது வேறு கேள்வி.

திரையில் தயாரிப்பாளரின் சின்னம் தோன்றி, அதன்பின் தொடக்கச் சாதனம் இல்லை என்றோ இயங்குதளம் காணப்படவில்லை என்றோ செய்தி வந்தால், அதுவே மூன்றாம் வகை. பயாஸ் அமைப்புக்குள் சென்று வன்தட்டின் பெயர் அங்குத் தெரிகிறதா என்று பார்ப்பது இதில் திருப்புமுனை. பெயர் தெரியாமல், தட்டிலிருந்து டிக் டிக் ஒலியும் கேட்டால் வன்தட்டு பழுதுபட்டது என்று கருதவேண்டும். மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்ப்பது எஞ்சிய கோப்புகளையும் அழிக்கும். பெயர் தெரிந்தால், பென் டிரைவிலிருந்து நேரடியாக ஓடும் லினக்ஸ் ஒன்றைத் தொடங்கிக் கோப்புகளை முதலில் படியெடுத்துவிட்டே செப்பனிடலில் இறங்கவேண்டும். விண்டோஸ் மீட்புச் சூழலிலுள்ள பூட்ரெக் கட்டளை எம்.பி.ஆர். முறைக் கணினிகளில் பயன்தரும், யூ.இ.எஃப்.ஐ. முறையில் நிறுவியவற்றுக்கு பி.சி.டி.பூட் கட்டளையே பொருந்தும் என்பதை அறியாமல் பலர் நேரத்தை வீணாக்குகிறார்கள். இரண்டு இயங்குதளங்கள் உள்ள கணினிகளில் வேறொரு சிக்கலும் உண்டு. தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசுடன், மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் சென்னைப் பிரிவு உருவாக்கிய பாஸ் லினக்சும் வழங்கப்பட்டது. இவ்வாறு இரட்டை இயங்குதளம் கொண்ட கணினியில் இடம் மிச்சப்படுத்த லினக்ஸ் பகிர்வை அழித்தால், தொடக்கநிரலான கிரப் தன் கோப்புகளை இழந்து மீட்பு வரியிலேயே நின்றுவிடும்.

இவ்வகையில் எளிதில் கவனத்துக்குத் தப்பிவிடும் காரணம் ஒன்றுண்டு. மதர்போர்டிலுள்ள 3 வோல்ட் நாணய பேட்டரி தீர்ந்தால், கடிகாரம் பழைய தேதிக்குத் திரும்புவதோடு பயாஸ் அமைப்புகளும் தொடக்கநிலைக்கு மாறிவிடுகின்றன, ஏ.எச்.சி.ஐ. என்றிருந்த வன்தட்டு முறை ஐ.டி.இ. ஆகிவிட்டால், விண்டோஸ் 7 நீலத்திரையில் 7பி என முடியும் பிழை எண்ணைக் காட்டி நிற்கும். வன்தட்டு கெட்டுவிட்டதாக எண்ணிப் புதியது வாங்குவோர் உண்டு. தேவைப்படுவதோ சிறு பேட்டரியும் ஓர் அமைப்பு மாற்றமுமே.

செப்பனிட முடியாத போர்டுகள் சி.டி.சி. போன்ற இடங்களில் உதிரிபாகங்களுக்காக உடைக்கப்படுகின்றன. எஞ்சுவதைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளர்களிடமே சேர்க்கவேண்டும் என்பது, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக்கழிவு மேலாண்மை விதிகளின் ஏற்பாடு. ஐதராபாத் செர்லபள்ளியிலுள்ள சி-மெட் ஆய்வகம், கழித்த சர்க்யூட் போர்டுகளிலிருந்து தாமிரம், தங்கம் முதலிய உலோகங்களைப் பிரித்தெடுக்கும் தொழில்நுட்பத்தை உருவாக்கியுள்ளது.