மழபாடியின் பதின்மூன்று வருஷம்

ஒரு திங்கட்கிழமை காலையில் எங்கள் ஆபீஸ் சர்வரின் டிஸ்க் செத்துப்போனது. பெரம்பலூரில் சின்ன ஆபீஸ். சர்வரைப் பார்த்துக்கொள்ளும் ஒரே ஆள் நான். "ஸ்னாப்ஷாட் இருக்குல்ல தம்பி?" என்று முதலாளி கேட்டார். இருந்தது. தினம் ராத்திரி ஒன்று வீதம் இருபத்தொன்று. எல்லாமே அந்த டிஸ்க்குக்குள்ளேயே. மூன்று வருஷக் கணக்கை இரண்டு அக்காக்கள் பழைய பில்களைப் பார்த்து மறுபடி டைப் செய்தார்கள். நாற்பது நாள் ஆனது. அவர்கள் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஸ்னாப்ஷாட்டை முழு நகல் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அந்த நொடியில் எதுவும் நகலாவதில்லை. டிஸ்க்கில் எது எங்கே இருக்கிறது என்ற வரைபடத்தை மட்டும் அது உறையவைக்கும். பிறகு ஓரிடத்தில் புதிதாக எழுத வந்தால், அங்கிருந்த பழையதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத்தான் எழுதவிடும். தெரியாமல் ஒரு ஃபைலை அழித்துவிட்டால் காப்பாற்றும். டிஸ்க்கே போனால் கூடவே போய்விடும். வேறொரு இடத்துக்கு அனுப்பி வைத்தால்தான் அது பேக்கப்.

இந்த வித்தியாசம் நம்ம பக்கத்தில் 1013-லேயே தெரிந்திருக்கிறது. அதைப் படித்த ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுத்துக்கொண்டு அரியலூர், கீழப்பழுவூர் வழியாகத் திருமழபாடிக்குப் போனேன். கொள்ளிடத்தின் வடகரை, வைத்தியநாதர் கோயில். ராஜராஜன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் இந்தக் கோயிலின் விமானத்தை இடித்துப் புதிதாகக் கட்டச் சொல்கிறார். கூடவே இன்னொரு கட்டளை: இடிப்பதற்கு முன்னால் சுவரிலுள்ள கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுத்துவிட வேண்டும். புத்தகம் என்றால் ஓலைச்சுவடி என்றுதான் நினைக்கிறேன். மறுவருஷம் ராஜராஜன் காலமாகிறார். மகன் ராஜேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1026 வாக்கில், புத்தகத்தில் இருந்தது மறுபடியும் கல்லில் ஏறுகிறது. இந்தக் கதையைச் சொல்வதும் அதே கோயில் கல்வெட்டுதான்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? கல்வெட்டு அலங்காரம் இல்லை, பத்திரம். ஒரு நந்தா விளக்குக்கு 90 அல்லது 96 ஆடு, அதற்குத் தினமும் அளக்கவேண்டிய நெய், தானம் கொடுத்த நிலத்தின் நாலு எல்லை. சுவர் போய்விட்டால், "எங்க எழுதியிருக்கு, காட்டு" என்று நிலத்தைப் பிடித்து வைத்திருப்பவர் கேட்கலாம். பதின்மூன்று வருஷம் அந்த விளக்குகளெல்லாம் ஒரு சுவடியை நம்பி எரிந்திருக்கின்றன.

இது ராஜராஜனின் கண்டுபிடிப்பும் இல்லை. அவருக்குப் பெரிய பாட்டி முறையான செம்பியன் மாதேவி, திருக்கோடிக்காவல் கோயிலைக் கற்றளியாக்கியபோதே பழைய கல்வெட்டுகளைத் திரும்ப வெட்ட வைத்தார். பழைய கல்லின் படி இது என்று அங்கே குறிப்பும் உண்டு. எனக்கு இது ரொம்பப் பிடித்தது. நகல், தன்னை நகல் என்றே சொல்லிக்கொள்கிறது.

அதே அரியலூர் மாவட்டத்தில் எதிர்க்கதையும் இருக்கிறது. 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது, பக்கத்திலிருந்த கங்கைகொண்ட சோழபுரம் கோயில் மதிலைப் பெயர்த்துக் கல் எடுத்தார்கள். ஊர்க்காரர்கள் தடுத்தார்கள், தண்டிக்கப்பட்டார்கள். பதிலுக்குச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்னதும் நடக்கவில்லை என்று அந்த நூற்றாண்டின் பதிவே வருத்தப்படுகிறது. அணைக்குக் கல் வேண்டும், சரி. படியெடுத்துவிட்டு இடி என்று சொல்ல அன்று ஒரு அதிகாரிகூட இல்லையே என்பதுதான் என் ஆத்திரம்.

இப்போது ராத்திரி 2 மணிக்கு எங்கள் ஸ்னாப்ஷாட் திருச்சியிலுள்ள இன்னொரு சர்வருக்குப் போகிறது. மாதம் ஒருமுறை அதை இறக்கித் திறந்து பார்க்கிறேன். போன மாதம் ஒன்று திறக்கவில்லை.