எந்த மரக்காலால் அளந்த நிறம்?

லினக்ஸ் கணினியில் புகைப்படம் திருத்துபவர்கள் பலரும் ஒரு கட்டத்தில் இந்தக் குழப்பத்தில் சிக்கியிருப்பார்கள். படங்களைப் புரட்டிப் பார்க்கும் செயலியில் முகம் இயல்பாகத் தெரிகிறது. அதே படத்தை ஜிம்ப் என்னும் திருத்தும் செயலியில் திறந்தால் வெள்ளைச் சட்டை மஞ்சள் பூத்து நிற்கிறது. உலாவியில் ஏற்றினால் இலைகளின் பச்சை வெளிறிப் போகிறது. கோப்பு ஒன்று, திரை ஒன்று, பார்க்கும் கண்ணும் ஒன்று. நிறம் மட்டும் மூன்று விதம். முதலில் திரை பழுதோ என்று சந்தேகிக்கிறோம், பிறகு கேமராவை, கடைசியில் மென்பொருளை. ஆனால் இந்தக் கோளாறை எந்த ஒன்றின் தலையிலும் முழுதாகச் சுமத்த முடியாது என்பதையே இதன் வரலாறு காட்டுகிறது. படத்தில் உள்ள எண்கள் எந்த அளவையால் அளக்கப்பட்டவை என்று கேட்டு, அதைத் திரையின் அளவைக்கு மாற்றித் தரும் பொறுப்பு யாருடையது? இந்தக் கேள்விக்கு லினக்ஸ் டெஸ்க்டாப்பில் முப்பதாண்டுகளுக்கும் மேலாக உறுதியான பதில் இருக்கவில்லை. அறிவியலும் கணக்கும் கைவசம் இருந்தும் பொறுப்பேற்க ஆள் இல்லாததே நிறம் பிறழ்ந்ததற்குக் காரணம்.

அளவை என்று சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல்லின் கணக்கைப் பொறிக்கும்போது, ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்தது என்பதையும் சேர்த்தே பொறித்திருக்கிறார்கள். மரக்காலுக்கு மரக்கால் கொள்ளளவு மாறக்கூடிய உலகில், மரக்காலின் பெயர் இல்லாத எண் பாதிக் கணக்குதான். டிஜிட்டல் படமும் அப்படித்தான். ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலத்துக்கான மூன்று எண்கள். பச்சை 255 என்றால் உச்சப் பச்சை என்று பொருள். யாருடைய உச்சம் என்பதை அந்த எண் சொல்லாது. ரைட், கில்ட் என்ற இருவரின் சோதனைகளை அடிப்படையாகக் கொண்டு, சராசரி மனிதக் கண் காணும் நிறங்களை எண்களாகக் குறிக்கும் முறையைச் சர்வதேச ஒளியியல் ஆணையம் 1931இலேயே வகுத்துவிட்டது. அந்த வரைபடத்தில் எஸ்ஆர்ஜிபி என்னும் அளவையின் உச்சப் பச்சை 0.30, 0.60 என்ற புள்ளியில் இருக்கிறது. அடோபி ஆர்ஜிபியின் உச்சப் பச்சையோ 0.21, 0.71இல் இருக்கிறது. சிவப்பும் நீலமும் இரண்டுக்கும் ஒன்றே. ஆகவே அடோபி ஆர்ஜிபியில் எடுத்த படத்தை எஸ்ஆர்ஜிபி என்று எண்ணிக் காட்டினால் பச்சைகள் முதலில் வெளிறும். கூடவே படம் முழுவதும் சோர்ந்து தெரியும். கோப்பின் அளவையைச் சொல்லும் சீட்டுக்குத்தான் ஐசிசி புரொஃபைல் என்று பெயர். திரைக்கும் அதேபோல் தனிச் சீட்டு வேண்டும். இரண்டையும் படித்து எண்களை மாற்றித் தரும் வேலையே நிற மேலாண்மை.

இந்தக் கணக்கு லினக்ஸ் வந்த வழிக்குத் தெரியாதது அல்ல. லினக்ஸ் டெஸ்க்டாப்புக்கு நெடுங்காலம் அடித்தளமாக இருந்த எக்ஸ் விண்டோ அமைப்பு 1984இல் எம்ஐடியில் பிறந்தது. அதன் பதினோராம் பதிப்பின் ஐந்தாம் வெளியீட்டில், 1991இல், டெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் அளித்த எக்ஸ்சிஎம்எஸ் என்னும் நிற மேலாண்மைப் பகுதி சேர்ந்தது. லினஸ் டோர்வால்ட்ஸ் தம் கெர்னலை உலகுக்கு அறிவித்ததும் அதே ஆண்டில்தான். எக்ஸ்சிஎம்எஸ் வழியாக ஒரு நிரல் தனக்கு வேண்டிய நிறத்தை 1931 முறையின் எண்களாகவே கேட்கலாம். திரையை அளந்து பெற்ற விவரங்களை, டெஸ்க்டாப்பின் அடியில் கிடக்கும் ரூட் விண்டோவில் எழுதி வைக்க ஒரு சிறு கருவியும் உடன் வந்தது. ஆனால் அந்த ஏற்பாடு ஒரு கோட்டுக்கும் பொத்தானுக்கும் எழுத்துக்கும் நிறம் கேட்க உருவானது. ஒரு புகைப்படத்தின் இலட்சக்கணக்கான பிக்சல்களை மாற்றித் தர அல்ல. அதோடு, வழிமுறையைத் தருவோம், கொள்கையை விதிக்க மாட்டோம் என்பது எக்ஸ் அமைப்பின் அடிப்படை நெறி. வழி திறந்திருந்தது, அதில் நடக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நிரல் எழுதியவர்கள் பெரும்பாலும் எண்களை அப்படியே திரைக்கு அனுப்பினார்கள். லினக்ஸ் பிறந்த ஆண்டிலேயே கைக்கெட்டிய வசதி பயன்படாமல் கிடந்தது என்றால், குறை தொழில்நுட்பத்தில் மட்டும் இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1993இல், அடோபி, ஆக்ஃபா, ஆப்பிள், கோடாக், மைக்ரோசாஃப்ட், சிலிக்கன் கிராஃபிக்ஸ், சன், டாலிஜென்ட் ஆகிய எட்டு நிறுவனங்கள் சேர்ந்து சர்வதேச வண்ணக் கூட்டமைப்பைத் தொடங்கின. ஐசிசி என்பது அதன் பெயர்ச்சுருக்கமே. இன்று ஒரு ஐசிசி கோப்பைத் திறந்து அதன் தலைப்பகுதியான முதல் 128 பைட்டுகளைப் பார்த்தால், உள்ளே ஏ, சி, எஸ், பி என்ற நான்கு எழுத்துகள் தெரியும். ஆப்பிளின் கலர்சிங்க் புரொஃபைல் என்பதன் சுருக்கம் அது. லினக்ஸ் கணினியில் உருவாகும் புரொஃபைலும் அந்த முத்திரையோடுதான் உருவாகிறது. கணினியையும் இயங்குதளத்தையும் ஒரே கூரையின்கீழ் செய்த நிறுவனம் நிறத்தின் பொறுப்பையும் தானே ஏற்றுக்கொண்டதன் தடயம் இது. 1996இல் எச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் வேறொரு வழியை முன்வைத்தன. எல்லாத் திரைகளும் ஏறத்தாழ ஒன்றே என்று கொண்டு, பொதுவான ஒரே அளவையாக எஸ்ஆர்ஜிபியை வைத்துக்கொள்வது அந்த வழி. 1999இல் அது சர்வதேசத் தரமாயிற்று. குழாய்த் திரைகளின் பாஸ்பர்கள் பெரும்பாலும் ஒத்த நிறம் தந்த காலத்தில் அந்த அனுமானம் ஓரளவு பலித்தது. சீட்டு இல்லாத எண்களும் ஏறக்குறைய சரியாகத் தெரிந்ததால், லினக்ஸ் உலகம் தன் குறையை உணர வேண்டிய நெருக்கடி அப்போது வரவில்லை.

நெருக்கடி வந்தபோது தனி மனிதர்கள்தான் முதலில் கை கொடுத்தார்கள். மார்ட்டி மரியா 1998இல் தொடங்கிய லிட்டில் சிஎம்எஸ், ஓர் அளவையிலிருந்து மற்றோர் அளவைக்கு எண்களை மாற்றும் கணக்கைச் சிறிய நூலகமாகத் தந்தது. கிரேம் கில் எழுதிய ஆர்கில், கலரிமீட்டரைத் திரையில் வைத்து அளந்து புரொஃபைல் செய்யும் வேலையைத் தந்தது. ரூட் விண்டோவிலேயே திரையின் ஐசிசி புரொஃபைலை எழுதி வைக்கும் மரபும் உருவாயிற்று. எக்ஸ்சிஎம்எஸ் தன் விவரங்களை எழுதிய அதே இடத்துக்குப் பல ஆண்டுகள் கழித்து வேறொரு பெயரில் திரும்பி வந்தார்கள். 2007இல் ஜிம்ப் 2.4 நிற மேலாண்மையோடு வெளிவந்தது. அதன் விருப்பத்தேர்வுகளில், கணினி வைத்திருக்கும் திரைப் புரொஃபைலைப் பயன்படுத்த முயலலாமா என்று கேட்கும் ஒரு சிறு கட்டம் இருந்தது. முயலலாமா என்ற அந்தச் சொல்லிலேயே அக்கால நிலை அடங்கியிருக்கிறது: புரொஃபைல் அங்கே இருக்கும் என்று ஜிம்ப்பால் நம்ப முடியவில்லை. 2008இல் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 3இல் நிற மேலாண்மை இருந்தும் அணைத்தே வைக்கப்பட்டிருந்தது; 2009இல் 3.5 வந்தபோது, சீட்டு உள்ள படங்களுக்கு மட்டும் இயங்கியது. இப்படி ஒவ்வொரு செயலியும் தனக்கெனத் தனி முடிவு எடுத்தது. திருத்தும் செயலியில் ஒரு நிறமும் உலாவியில் வேறு நிறமும் தெரிவது இந்தத் தனித்தனி முடிவுகள் ஒரே திரையில் சந்திப்பதால்தான்.

2011இல் ரிச்சர்ட் ஹியூஸ் எழுதிய கலர்டு, இந்தச் சிதறலுக்கு ஒரு மையம் தேடிய முக்கியமான முயற்சி. எந்தத் திரைக்கு எந்தப் புரொஃபைல் என்ற பதிவேட்டை அது பின்னணியில் நிர்வகித்தது. விலை குறைந்த திறந்த வன்பொருளாகக் கலர்ஹக் என்ற அளவுக் கருவியையும் அவரே செய்தார். ஆனால் கருவி இல்லாதவருக்கு என்ன வழி? திரை தன்னைப் பற்றிக் கணினிக்குச் சொல்லும் இடிஐடி என்ற 128 பைட் அறிமுகக் குறிப்பிலிருந்து புரொஃபைல் தானாகவே உருவாக்கப்பட்டது. அந்தக் குறிப்பில் நிறத்துக்கு ஒதுக்கியது 10 பைட்: சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்கள், எண்ணுக்கு 10 பிட். அந்த எண்கள் நம் மேசையில் இருக்கும் திரையை அளந்து எழுதியவை என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அவை தவறாக இருந்தால் புரொஃபைலும் தவறாகிறது. புரொஃபைலை மதிக்கும் செயலி அந்தத் தவறையும் சேர்த்து மதிக்கிறது. அதை அறவே கண்டுகொள்ளாத செயலியில் படம் நன்றாகத் தெரிகிறது. வெள்ளைச் சட்டை மஞ்சளாவதற்கு இது அடிக்கடி காணும் காரணங்களில் ஒன்று. ஒழுங்காக நடந்த மென்பொருள் பழியைச் சுமக்கிறது. இதோடு வேறொரு குழப்பமும் சேர்ந்தது. புரொஃபைலில் உள்ள வளைகோடுகளை வீடியோ கார்டில் ஏற்றுவது திரையின் சாம்பல் நிறத்தைச் சமன்செய்யும் காலிப்ரேஷன் மட்டுமே. படத்தின் எண்களை அது அளவை மாற்றாது. வளைகோடு ஏறியதும் நிற மேலாண்மை முடிந்துவிட்டது என்று நம்பியவர்கள் ஏராளம்.

கட்டற்ற மென்பொருளில் காசும் ஆளும் குறைவு, அதனால்தான் நிறம் பின்தங்கியது என்று இதற்கு எளிய விளக்கம் சொல்வதுண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. மேலே சொன்ன வேலைகளில் பல, ஓரிருவர் தோளில் நின்றவை. ஆனால் அந்த விளக்கம் ஒரு பெரிய சான்றின்முன் தடுமாறுகிறது. நிறத்தில் துளிப் பிசகையும் பொறுக்காத திரைப்படத் தொழில், 2000களின் தொடக்கத்திலேயே லினக்ஸ் கணினிகளுக்கு மாறிக்கொண்டிருந்தது. ஜிம்ப்பிலிருந்து கிளைத்து, நிறத்துக்கு 16 பிட் ஆழம் தந்த ஃபிலிம் ஜிம்ப், ரிதம் அண்ட் ஹியூஸ் போன்ற ஸ்டுடியோக்களில் படச்சட்டங்களைத் திருத்தப் பயன்பட்டது. சோனி பிக்சர்ஸ் இமேஜ்வொர்க்ஸ் தன் நிற மேலாண்மை அமைப்பை 2010இல் ஓப்பன்கலர்ஐஓ என்ற பெயரில் எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதே கெர்னலும் அதே எக்ஸ் அமைப்பும் ஸ்டுடியோவில் மட்டும் சரியான நிறம் தந்தது எப்படி? கோப்பின் அளவை எது, திரையின் அளவை எது, யார் எங்கே மாற்றுவது என்பதை அங்கே ஒரே கை முடிவு செய்தது. வீட்டு மேசையில் அந்த ஒற்றைக் கை இல்லை. இந்தச் சிக்கல் லினக்ஸுக்கு மட்டும் உரியதும் அல்ல. விண்டோஸிலும் நிற மேலாண்மை நெடுங்காலம் ஒவ்வொரு செயலியின் விருப்பமாகவே இருந்ததால், நிறவீச்சு அகன்ற திரைகளில் சாதாரணப் படங்கள் அளவுக்கு மீறிச் செக்கச்செவேலெனத் தெரிந்தன.

எல்லாரும் எஸ்ஆர்ஜிபியிலேயே இருந்தால் போதுமே, மேலும் கண் எந்தச் சாயலுக்கும் பழகிவிடுமே என்பது அடுத்த ஆட்சேபம். முதல் பாதி குழாய்த் திரைக் காலத்துக்குப் பொருந்தியது. திரைகள் அகன்ற நிறவீச்சுக்கு வந்தபிறகு, எஸ்ஆர்ஜிபி எண்களைத் திரைக்கு அப்படியே அனுப்புவது சின்ன மரக்கால் கணக்கைப் பெரிய மரக்காலால் அளந்து கொடுப்பதற்குச் சமம். கண் பழகும் என்பதும் மெய்யே. ஆனால் அது பழகுவது முழுக் காட்சிக்கு. ஒரே திரையில் இரண்டு சாளரங்களில் அருகருகே நிற்கும் இரண்டு வெள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் கண்ணால் பழக முடியாது. அச்சிட்ட தாளோ, திருத்தியவரின் கண் எதற்குப் பழகியிருந்தது என்பதை அறியாது.

பொறுப்பாளி யார் என்ற கேள்விக்கு ஒரு பதில் அண்மையில்தான் கிடைத்தது. எக்ஸ் அமைப்புக்கு மாற்றாக 2008இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் தொடங்கிய வேலேண்டு அமைப்பில் பழைய ரூட் விண்டோ இல்லை, வீடியோ கார்டின் வளைகோட்டைச் செயலிகள் தாமே மாற்றவும் வழி இல்லை. எல்லாச் சாளரங்களையும் தொகுத்துத் திரைக்கு அனுப்புவது கம்போசிட்டர் ஒன்றே. எனவே நிறத்தையும் அதுவே ஏற்க வேண்டியதாயிற்று. செயலி, என் படம் இந்த அளவையில் இருக்கிறது என்று சொன்னால் போதும். அந்தந்தத் திரைக்கு மாற்றுவது கம்போசிட்டரின் வேலை. முன்பு ஒரு சாளரம் இரண்டு திரைகளில் பாதிப் பாதியாக நின்றால் ஒரு பாதியேனும் தவறாகத் தெரிந்துவந்தது. இனி இரண்டையும் சரியாகக் காட்ட இயலும். பல ஆண்டு விவாதத்துக்குப் பிறகு, 2025 தொடக்கத்தில்தான் இந்த ஏற்பாட்டுக்கான நெறிமுறை வேலேண்டின் நெறிமுறைத் தொகுப்பில் சேர்ந்தது. இவ்வளவு தாமதத்தைச் சோம்பல் என்று தள்ளிவிட முடியாது. நடுவில் ஒருவர் எண்களை மாற்றினால், திரையின் இயல்பை உள்ளபடி அளப்பது எப்படி என்று அளவுக் கருவி சார்ந்தவர்கள் எழுப்பிய கேள்வி நியாயமானது. பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைக்கும்போது, அவரைச் சரிபார்க்கும் வழியும் கூடவே இருக்க வேண்டும்.

மாற்றக் காலம் என்பதால் மூன்று காலங்களின் பழக்கங்களும் இன்று ஒரே கணினியில் கலந்து கிடக்கின்றன. அதனால் நிறக் கோளாற்றை ஆராய்வதும் ஒருவகை வரலாற்று வாசிப்பு. படம் வெளிறினால் கோப்பின் சீட்டைச் செயலி படிக்கவில்லை என்று சந்தேகிக்கலாம். நிறம் கொப்பளித்தால் திரையின் சீட்டு புறக்கணிக்கப்பட்டிருக்கலாம். ஒரே சாயல் எல்லாவற்றிலும் படிந்தால் திரையின் சீட்டே தவறாக இருக்கலாம். தானாக உருவான அந்தப் புரொஃபைலை நீக்கி, எஸ்ஆர்ஜிபியை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். செயலியும் கம்போசிட்டரும் இரண்டு முறை மாற்றிவிட்டனவா என்பது புதிய காலத்தின் கேள்வி. இவற்றைக் கேட்காமல் ஸ்லைடரை இழுத்து மஞ்சளைக் குறைப்பவர் திரையின் தவறைப் படத்துக்குள் எழுதிவிடுகிறார். அவருடைய திரையில் அது சரியாகத் தெரியும். மற்ற எல்லாத் திரைகளிலும், அச்சிலும், அந்த வெள்ளைச் சட்டை நீலம் பாய்ந்திருக்கும். பின்னொரு நாள் திரையின் புரொஃபைலை மாற்ற ஒரு நிமிடம் போதும். அதுவரை திருத்தி, மூலக் கோப்பின் மேலேயே சேமித்துவிட்ட படங்களின் நிறத்தை மீட்க வழி இருக்காது.