டிக்... டிக்... டிக்... - பழைய டி.வி. பெட்டிக்குள் ஒரு சரித்திரம்

மக்களே, இது கொஞ்சம் சால்டர் வாடை அடிக்கும் பதிவு. மூக்கைப் பொத்திக்கொண்டாவது படித்துவிடுங்கள் :-)

இந்தியாவில் டி.வி. முதலில் வந்தது டெல்லிக்குத்தான். 1959 செப்டம்பர் 15. சென்னைக்காரர்கள் 1975 வரை காத்திருந்தார்கள். கலர் வந்தது 1982 ஆகஸ்ட் 15, சுதந்திர தின ஒளிபரப்பில். அந்த நவம்பரில் ஆசிய விளையாட்டுப் போட்டி. வெளிநாட்டு உதிரிபாகங்களை வரவழைத்து அவசர அவசரமாகக் கலர் டி.வி. பூட்டினார்கள். நான் குடியிருக்கும் மோதி பாக், பக்கத்து நானக்புரா, ஆர்.கே.புரம், சரோஜினி நகர் எல்லாமே சென்ட்ரல் கவர்ன்மென்ட் குவார்ட்டர்ஸ் பூமி. நம்மூர் ஆட்கள் அதிகம், டி.டி.இ.ஏ. தமிழ்ப் பள்ளிகூட மோதி பாக்கிலேயே உண்டு. இங்கே இருக்கும் பழைய ஆட்களிடம் அந்த 82-ஐப் பற்றிக் கேட்டால் ஓட்டப் பந்தயம் ஞாபகம் இருக்காது. யார் வீட்டுக்கு முதலில் கலர் டி.வி. வந்தது என்பது மட்டும் துல்லியமாக ஞாபகம் இருக்கும்.

அதைவிட நன்றாக ஞாபகம் இருக்கும் இன்னொரு சாமான் ஸ்டெபிலைசர்.

கோடைச் சாயங்காலம் எல்லார் வீட்டிலும் கூலர் ஓட ஆரம்பித்ததும் வோல்டேஜ் படுத்துவிடும். பழைய கறுப்பு-வெள்ளை பெட்டியில் படம் இரண்டு பக்கமும் சுருங்கும். காரணம் எளிது. உள்ளே இருந்தது செங்கல் கனத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர். வீட்டுக்கு வரும் கரண்ட் குறைந்தால் அதுவும் குறைத்துக் கொடுக்கும், கூடினால் கூட்டிக் கொடுக்கும். பின்னால் இருக்கும் ரெகுலேட்டர் ஓரளவுதான் சமாளிக்கும், மிச்சத்தைச் சூடாக வீணடிக்கும். அதனால் டி.வி.க்கு ஒரு ஸ்டெபிலைசர், ஃப்ரிட்ஜுக்கு ஒன்று, இரண்டும் மாறி மாறி 'டொக்' 'டொக்' என்று ரிலே சத்தம். கொச்சியில் வி-கார்டு கம்பெனி 1977-ல் ஆரம்பித்ததே ஸ்டெபிலைசர் செய்துதான்.

அதே 1977-ல் அமெரிக்காவில் ஆப்பிள் 2 கம்ப்யூட்டர் வெளிவந்தது. அதற்குள் இருந்த பவர் சப்ளையைச் செய்தவர் ராட் ஹோல்ட். ஸ்டீவ் ஜாப்ஸுக்கு ஃபேன் சத்தம் பிடிக்காது. சூடே ஆகாத சப்ளை வேண்டும் என்றார். ஹோல்ட் போட்டது ஸ்விட்சிங் சப்ளை, நம்ம மெக்கானிக் பாஷையில் எஸ்.எம்.பி.எஸ். பிற்பாடு ஜாப்ஸ், இன்றைக்கு எல்லாக் கம்ப்யூட்டரிலும் இருப்பது ஹோல்ட் டிசைனின் காப்பிதான் என்று தன் வாழ்க்கை வரலாறு எழுதியவரிடம் சொன்னார். 2011-ல் புத்தகத்திலும் வந்துவிட்டது. ஹோல்ட் கெட்டிக்காரர்தான், சந்தேகமே இல்லை. ஆனால் கதை அப்படி இல்லை!

1930-களின் கார் ரேடியோவிலேயே பேட்டரி கரண்டை வெட்டி வெட்டி அனுப்பும் 'வைப்ரேட்டர்' இருந்தது. 1960-களில் செயற்கைக்கோள்களிலும் ஏவுகணைகளிலும் எடை குறைய வேண்டும் என்று ஸ்விட்சிங் சப்ளை வைத்தார்கள். அதிக வோல்டேஜைத் தாங்கி வேகமாக அணைந்து எரியும் டிரான்சிஸ்டர்கள் வந்ததும் டெக்ட்ரானிக்ஸ் ஆஸிலாஸ்கோப்புகளில் அது நுழைந்தது. 1976-ல் பாப் மமானோ என்ற என்ஜினியர் மொத்தக் கண்ட்ரோலையும் எஸ்.ஜி.1524 என்ற ஒரே ஐ.சி.க்குள் அடைத்தார். விலை அதனால்தான் சரிந்தது. மமானோ பெயர் யாருக்குத் தெரியும்? விளம்பரம் செய்யத் தெரிந்தவனுக்கே சரித்திரமும் :-(

வேலை செய்யும் விதம் அழகானது. வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டை டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நேரடியாக டயோடில் விட்டு டி.சி. ஆக்கினால் சுமார் 325 வோல்ட். அதை ஒரு டிரான்சிஸ்டர் விநாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டுகிறது. பழைய டி.வி.க்களில் பெரும்பாலும் படத்தின் வரி வேகமான 15,625 தடவையே. விநாடிக்கு 50 தடவை மட்டும் ஆடும் கரண்டுக்குத்தான் செங்கல் வேண்டும். இந்த வேகத்துக்குத் தீப்பெட்டி சைஸ் ஃபெரைட் கோர் போதும். வோல்டேஜ் குறைந்ததா? ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதல் நேரம் திறந்துவைக்கும். கூடியதா? சீக்கிரம் மூடும். 90-லிருந்து 270 வோல்ட் வரை தாங்கும் பெட்டிகள் வந்த பிறகு டி.வி. ஸ்டெபிலைசர்கள் பரணுக்குப் போயின.

சரி, ரிப்பேருக்கு வருவோம். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பெரிய கண்டன்சரில் அந்த 325 வோல்ட் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உட்கார்ந்திருக்கும். ஸ்க்ரூ டிரைவரை வைத்து 'படார்' என்று ஷார்ட் செய்வது வீரமில்லை. வாட்டேஜ் உள்ள ரெசிஸ்டரோ சாதா பல்போ வைத்து இறக்கி, மீட்டரில் பார்த்த பிறகுதான் கை வைக்கவேண்டும். சப்ளையின் முன்பாதி கிரவுண்டும் நேராக மெயின்ஸோடு தொடர்புடையது. அதைத் தெரியாமல் தொட்டுப் போனவர்கள் உண்டு.

செங்கோட்டைக்கு எதிரே லாஜ்பத் ராய் மார்க்கெட்டாகட்டும், நம்ம ரிச்சி ஸ்ட்ரீட்டாகட்டும், மெக்கானிக்கின் முதல் ஆயுதம் சீரியஸ் பல்பு. 100 வாட் பல்பு வழியாக டி.வி.க்குக் கரண்ட் கொடுப்பார். பல்பு ஒரு தடவை பளிச்சிட்டு மங்கினால் ஷார்ட் இல்லை. முழுசாக எரிந்துகொண்டே நின்றால் உள்ளே ஷார்ட். டயோடு, வெட்டும் டிரான்சிஸ்டர் (நிறையப் பெட்டிகளில் பி.யு.508), கலர் டி.வி.யில் டீகாஸிங் தெர்மிஸ்டர், இவைதான் வழக்கமான குற்றவாளிகள். ஃப்யூஸ் கறுத்துத் தெறித்திருந்தால் புது ஃப்யூஸ் மட்டும் போட்டுப் பார்க்காதீர்கள், அதுவும் போகும்.

ஃப்யூஸ் நன்றாக இருக்கிறது, ஆனால் பெட்டி பிணம் மாதிரிக் கிடக்கிறதா? ஸ்டார்ட்டிங் ரெசிஸ்டர் விட்டிருக்கலாம். 'டிக்... டிக்... டிக்...' என்று சத்தம் மட்டும் வந்தால் சப்ளை கெடவில்லை, பாரம் தாங்காமல் தன்னைத்தானே நிறுத்தி நிறுத்திக் கிளம்புகிறது. ஹாரிஸாண்டல் அவுட்புட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் 60 வாட் பல்பைப் பாரமாகக் கட்டுவார்கள். பல்பு எரிந்து 110 வோல்ட்டை ஒட்டி நின்றால் சப்ளை நிரபராதி.

மிச்சமெல்லாம் கண்டன்சர். உள்ளே இருக்கும் திரவம் சூட்டில் வற்றுகிறது. பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்பது தொழில் கணக்கு. டெல்லி மே மாதத்து 45 டிகிரி, அதற்கு மேல் ஹீட் ஸிங்க்கை ஒட்டிச் சின்ன 47 மைக்ரோ கண்டன்சர்! குளிர்காலக் காலையில் அரைமணி கழித்துத்தான் உயிர் வரும் என்றால் முதலில் அதை மாற்றுங்கள்.

2006-க்குப் பிறகு தமிழ்நாட்டு அரசு ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குக் கொடுத்த இலவச கலர் டி.வி.க்களிலும் இதே சங்கதிதான். இங்கே மோதி பாக்கில் பெட்டி நின்றால் கபாடிவாலா வருவார். அங்கிருந்து பல சீலம்பூர் போகும், பிரித்து, எரித்து, ஆசிட்டில் முக்கிச் செம்பு எடுப்பார்கள். அந்தப் புகையை மூச்சில் வாங்குவது யாரென்று சொல்லவேண்டியதில்லை. சில ரூபாய்க் கண்டன்சருக்காக இவ்வளவு.

ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள். 2012 அக்டோபர் 31-க்குப் பிறகு டெல்லியில் அனலாக் கேபிள் கிடையாது, ரிப்பேர் செய்த பெட்டிக்கு செட்-டாப் பாக்ஸ் வேண்டும். அந்த பாக்ஸின் அடாப்டருக்குள் இருப்பதும் குட்டி எஸ்.எம்.பி.எஸ்.தான். அதிலும் முதலில் போவது கண்டன்சர்தான்.