"இல்லை" என்று சொல்லப் பழகாத இயந்திரம்

கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிற ஆளுக்கு கொம்பியூட்டரின் வயிற்றுக்குள் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வெள்ளவத்தையில் என்னோடு அறையைப் பகிர்ந்திருக்கிறவர்கள் எல்லாரும் ஐ.டி. படிக்கிறவர்கள். இரவில் தேத்தண்ணியோடு அவர்கள் பிடிக்கிற சண்டைகளில் ஒன்று என்னை விடவேயில்லை. ஒரு மென்பொருள் நினைவகம் கேட்கிறது, இயங்குதளம் "இல்லை" என்கிறது. அதற்குப் பிறகு என்ன நடக்க வேணும்? பார்த்தால் தொழில்நுட்பக் கேள்வி. தோண்டிப் பார்த்தால் அதற்குப் பின்னால் அரை நூற்றாண்டுக்கு மேலான வரலாறு இருக்கு, அதுவும் வாக்குறுதிகளின் வரலாறு.

முதலில் அடிப்படை. கீபோர்ட், பிரிண்டர், வைஃபை என ஒவ்வொரு சாதனத்தையும் இயங்குதளத்தோடு கதைக்க வைக்கிற மென்பொருளுக்குப் பெயர் டிவைஸ் டிரைவர். வேலை செய்ய அதற்கும் இடம் வேணும். வைஃபை வழியாக ஒரு தரவுப்பொதி வந்தால், அதை இறக்கி வைக்க நினைவகத்தில் ஒரு துண்டு கேட்கும். கெர்னல் எனப்படும் மையப்பகுதி துண்டைக் கொடுக்கும், அல்லது கையை விரிக்கும். சாதாரண ஆப் ஒன்று விழுந்தால் அந்த ஆப் மட்டும்தான் விழும். டிரைவர்கள் பெரும்பாலும் கெர்னலுக்குள்ளேயே ஓடுகின்றன. அங்கே ஒன்று தடுமாறினால் முழு இயந்திரமும் விழுந்துவிடும்.

கையை விரித்தால் என்ன செய்வது என்பதற்கு முதலில் வந்த விடைகளில் ஒன்று, "எல்லாத்தையும் நிப்பாட்டு". 1960களில் உருவான மல்டிக்ஸ் இயங்குதளத்தில் வேலை செய்தவர் டொம் வான் வ்ளெக். தான் எழுதுகிற கோடில் பாதி பிழைகளிலிருந்து மீள்வதற்கானது என்று யுனிக்ஸை உருவாக்கிய டெனிஸ் ரிச்சியிடம் சொன்னதாக அவர் பிறகு நினைவுகூர்ந்தார். நாங்கள் அதையெல்லாம் விட்டுவிட்டோம், பிழை வந்தால் "பானிக்" என்ற பகுதி ஓடும், இயந்திரம் நிற்கும், ரீபூட் பண்ணச் சொல்லி நடைபாதையில் சத்தம் போடுவோம் என்பது ரிச்சியின் பதிலின் சாரம். 1975இல் வந்த ஆறாவது பதிப்பு யுனிக்ஸில், செயல்முறை ஒன்றை வட்டுக்கு மாற்ற இடமில்லாமல் போனால் உண்மையிலேயே பானிக்தான். சிரிப்பு வரும். ஆனால் அதில் ஒரு நேர்மை இருக்கு. தன்னால் ஏலாது என்பதை அந்த இயந்திரம் மறைக்கவில்லை.

இன்னொரு விடை சந்திரனுக்குப் பக்கத்தில் கிடைத்தது. 1969 ஜூலை 20 அன்று அப்பலோ 11 இறங்கிக்கொண்டிருந்தபோது 1202 என்ற எச்சரிக்கை எண் திரையில் வந்தது. அந்தக் கணினியில் திரும்பத் திரும்ப எழுதக்கூடிய நினைவகம் வெறும் 2048 சொற்கள். ஒவ்வொரு வேலையும் தொடங்கும்போது அதில் 12 சொற்கள் கொண்ட ஒரு தொகுதியைக் கேட்கும். அந்த நேரத்தில் ரேடார் ஒன்றின் மின் இணைப்பில் இருந்த ஒத்திசைவுக் கோளாறு, தேவையில்லாத சமிக்ஞைகளால் கணினியின் நேரத்தைத் தின்றுகொண்டிருந்தது. பழைய வேலைகள் முடியவில்லை, புதிய வேலைகள் வந்துகொண்டேயிருந்தன, கொடுக்கத் தொகுதி இல்லை. 1202 என்றால் அதுதான். மென்பொருள் தன்னைத்தானே மறுதொடக்கம் செய்தது. இறங்குவதற்குக் கட்டாயமான வேலைகளை வைத்துக்கொண்டு மற்றதைக் கைவிட்டது.

மென்பொருள் மட்டும் அல்ல, மனிதர்களும் தயாராக இருந்தார்கள். இரண்டு கிழமைக்கு முன் நடந்த ஒத்திகையில் இதே வகை எச்சரிக்கை வந்தபோது, கட்டுப்பாட்டு அறையில் இருந்த ஸ்டீவ் பேல்ஸ் தேவையில்லாமல் பயணத்தைக் கைவிடச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு ஜக் கார்மன் எல்லா எச்சரிக்கைகளையும், ஒவ்வொன்றுக்கும் என்ன செய்வது என்பதையும் கையால் எழுதிப் பட்டியல் போட்டார். உண்மையான 1202 வந்தபோது தொடரலாம் என்ற பதில் கெதியாக வந்ததற்குக் காரணம் அந்தப் பட்டியல். தோல்வியை ஏற்கெனவே ஒருக்கா நடித்துப் பார்த்திருந்தார்கள்.

மூன்றாவது விடைதான் எனக்குப் பிரச்சினையாகப் படுகிறது. "கவலைப்படாதே, கட்டாயம் தருவன்" என்கிற விடை. விண்டோஸ் என்டியில், கேட்டால் கட்டாயம் கிடைக்கும் என்ற பெயரோடு ஒரு சிறிய சேமிப்பு இருந்தது. அது தீர்ந்த நாளில் நீலத்திரைதான். பிறகு அந்த வழியைப் பாவிக்க வேண்டாம் என்று டிரைவர் எழுதுபவர்களிடம் மைக்ரோசொஃப்ட் சொல்ல வேண்டியதாயிற்று. லினக்ஸில் இந்த வாக்குறுதி வெளிப்படையாகக் கூட இல்லை. ஆவணங்களின்படி எந்த நினைவகக் கோரிக்கையும் தோற்கலாம், எழுதுகிறவர் விடையைச் சரிபார்க்க வேணும். ஆனால் 2014 டிசம்பரில் ஒரு விவாதம் வெடித்தது. சாதாரண வகைக் கோரிக்கை 8 பக்கங்களுக்கு, அதாவது வழமையாக 32 கிலோபைட்டுக்கு, மேற்படாவிட்டால் கெர்னல் "இல்லை" என்று சொல்வதேயில்லை. கிடைக்கும் வரைக்கும் உள்ளுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமையைப் பராமரித்த டேவ் சின்னர் போன்றவர்களுக்கே இது அதிர்ச்சி. ஜொனதன் கோர்பெட் இதைப் பற்றி எழுதியபோது, 2008 வங்கி நெருக்கடியின் பிரபலமான வார்த்தையைத் திருப்பிப்போட்டு, "தோற்க முடியாத அளவுக்குச் சிறியது" என்று பெயர் வைத்தார்.

அதில் என்ன பிழை? ஒரு செயல்முறை பூட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு நினைவகம் கேட்கிறது. நினைவகம் இல்லை. கெர்னல் இடம் எடுக்க இன்னொரு செயல்முறையைக் கொல்லத் தெரிவு செய்கிறது. கொல்லப்பட வேண்டியதோ அதே பூட்டுக்காகக் காத்து நிற்கிறது, சாகவும் முடியாது. முதலாவது சுற்றிக்கொண்டே இருக்கிறது. இயந்திரம் உறைந்துவிட்டது. "இல்லை" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் பூட்டு திறந்திருக்கும்.

அப்ப மாற்றிவிட வேண்டியதுதானே? வரலாறு வந்து குறுக்கே நிற்பது இங்கேதான். வருடக்கணக்காகத் தோல்வியே வராததால், தோல்வி வந்தால் என்ன செய்வது என்று எழுதப்பட்ட ஆயிரக்கணக்கான வரிகள் ஒருநாளும் ஓடியதேயில்லை. 2015 தொடக்கத்தில் ஒரு மாற்றத்தால் கோப்பு முறைமைகளின் சில கோரிக்கைகள் உண்மையிலேயே தோற்கத் தொடங்க, எக்ஸ்ட்4 கோப்பு முறைமை பிழைகளைக் காட்டியது. மாற்றம் திருப்பி எடுக்கப்பட்டது. அந்த வாக்குறுதி பொய் என்று எல்லாருக்கும் தெரியும், ஆனால் அதைக் கைவிட யாருக்கும் துணிவில்லை.

இதில் டிரைவர்களின் நிலைமை விசித்திரமானது. சாதனம் கதவைத் தட்டும்போது காத்திரு என்று சொல்ல நேரமில்லை. புறக்கோட்டையில் லொறியிலிருந்து மூட்டையோடு இறங்குகிற நாட்டாமையிடம், கடையில் இடம் வரும் வரைக்கும் தோளில் வைத்திரும் என்று சொல்ல ஏலாதுதானே. அப்படியான நேரத்துக் கோரிக்கைகள் காத்திருக்காதவை, ஆகவே அவை நிஜமாகவே தோற்கும். நல்ல நெட்வேர்க் டிரைவர்கள் இதற்கு எளிய வழி ஒன்றைப் பழகியிருக்கின்றன. புதிய துண்டு கிடைக்காவிட்டால், வந்த தரவுப்பொதியை எறிந்துவிட்டு பழைய துண்டையே அடுத்ததற்கு வைத்துக்கொள்ளும். தொலைந்ததை டிசிபி திரும்ப அனுப்பும். உங்கள் வீடியோ ஒரு கணம் தயங்கலாம், இயந்திரம் நிற்காது.

எல்லா டிரைவர்களும் அப்படி நல்லவை அல்ல. லினக்ஸ் கெர்னலின் மற்றப் பகுதிகளோடு ஒப்பிட்டால் டிரைவர்களில் சில வகைப் பிழைகள் 3 முதல் 7 மடங்கு வரை அதிகம் என்று 2001இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2006 கடைசியில் அகினோபு மிடாவின் முயற்சியால் லினக்ஸுக்குள் ஒரு வசதி வந்தது. நினைவகம் தாராளமாக இருக்கும்போதே, வேண்டுமென்று இடைக்கிடை "இல்லை" என்று பொய் சொல்லும் வசதி. தோல்விப் பாதையை நல்ல நாளிலேயே ஓட்டிப்பார்க்க அது உதவும். கார்மனின் பட்டியலும் இதுவும் ஒரே குடும்பம் என்பேன்.

2022ஐப் பார்த்த நாங்கள் இதை வெறும் தொழில்நுட்பக் கதையாக வாசிக்க ஏலாது. வெளிநாட்டுக் கடனைத் தவறாமல் கட்டிய நாடு என்ற பெயர்தான் இலங்கையின் வாக்குறுதி. அந்த வருடம் ஏப்ரல் 12 அன்று கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது, சுதந்திரத்துக்குப் பிறகு முதல் தடவை. ஒருநாளும் ஓடாத பாதை. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் காஸ் சிலிண்டரோடு வரிசையில் நின்றவர்களுக்கு அது எப்படி ஓடியது என்று நான் சொல்லத் தேவையில்லை. இங்கிருந்து புறப்பட்ட விமானங்கள் சில திருவனந்தபுரத்தில் இறங்கி எரிபொருள் நிரப்பின. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என்று கியூஆர் முறை ஜூலையில்தான் அறிமுகமானது. வரிசையில் நின்றவர்கள் சிலர் செத்துப்போன பிறகு. இருப்பதைப் பங்கிடுவதற்கான அந்தச் சின்ன மென்பொருளை, டொலர் கையில் இருந்த காலத்தில் யாரும் எழுதி ஓட்டிப் பார்த்திருக்கவில்லை.

கெர்னலும் நாடும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. கெர்னல் விழுந்தால் ரீபூட் செய்யலாம். அதனால்தான் நாட்டுக்கு ஒத்திகை இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது. அடுத்த முறை ஒரு அமைச்சரோ அதிகாரியோ மேடையில் ஏறி "தட்டுப்பாடே வராது" என்று சொன்னால், வந்தால் என்ன செய்வீர்கள், அதை எப்போது செய்து பார்த்தீர்கள் என்று கேளுங்கள். என் அறையிலுள்ள வருங்கால டிரைவர் எழுத்தாளர்களிடமும் நான் இதே கேள்வியைத்தான் கேட்கிறேன்.